முகத்துக்கு ஓட்டை வைத்த மெத்தை

பேரம் பேசாமல் ஒருவன் பொருள் கேட்டால் அவன் வீட்டில் ஏதோ சரியில்லை. எங்கள் குடும்பத்தில் பல் முளைக்கும் முன்பே இது தெரிந்துவிடும். அப்பா, சித்தப்பா, மாமா என்று எல்லோரும் கடை வைத்தவர்கள். தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழ வேண்டுமென்றால்கூட இரண்டு தடவை ‘வேண்டாம்’ சொல்லிப் பார்க்கிற ஜாதி நாங்கள். அதனால், பஸ் டிரைவர் என் மெத்தைக் கடை வாசலில் நின்று, “அண்ணே, முகத்துக்கு ஓட்டை வச்சு ஒரு மெத்தை வேணும். நீங்க சொல்றதுதான் விலை” என்றதும், கையிலிருந்த வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

“யாருக்கு?”

“வீட்ல இருக்கறவளுக்குத்தான்.”

“ஓட்டை எதுக்குய்யா?”

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த படம். ஒரு ஆள் குப்புறப் படுத்திருக்கிறார்; முகம் ஒரு வளையத்துக்குள் புதைந்திருக்கிறது.

அவர் மனைவி, தெருமுனை மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். தெருவுக்கே மருந்தக்கா. என்னைவிட வயதில் சின்னவள் என்பதால் நான் மட்டும் தங்கச்சி என்பேன். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இடது கண் போயிற்று. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால்தான் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை எல்லாம் படித்து இந்தத் தெருவை உயிரோடு வைத்திருந்தாள். இப்போது அந்தக் கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது.

“ஈரத்துல சுவரொட்டி உரிஞ்சு வருமே, அப்படியாம். ஆபரேஷன் பண்ணி உள்ள காத்து மாதிரி ஏதோ அடைச்சு வச்சிருக்காங்க. ஒரு குமிழி. அதுதான் திரையை அழுத்திப் பிடிச்சிருக்கு. அது மேல மிதக்கும் பாருங்க, அதனால முகம் தரையைப் பாத்தே இருக்கணும். பதினாலு நாளு. சாப்பிடறப்பவும், எந்திரிச்சு நடக்கறப்பவும்கூட தலை குனிஞ்சே இருக்கணும். நிமிர்ந்தா குமிழி நகந்துரும். மறுபடி உரிஞ்சா அவ்வளவுதான்னாங்க.”

நான் காற்றை விற்றுப் பிழைப்பவன். நுரை மெத்தை என்பது என்ன, பாதிக்கு மேல் காற்றுதான். அதற்கு நல்ல உறை போட்டு நல்ல பெயர் சொல்லி விற்கிறேன். ஒரு மனுஷியின் வெளிச்சம் முழுவதையும் ஒரு சொட்டுக் காற்று தாங்கிப் பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, என் தொழிலைப் பற்றி எனக்கே முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அன்று மத்தியானமே நல்ல அடர்த்தியான நுரையில் வட்டம் வெட்டி, விளிம்பில் மெல்லிய துணி வைத்துத் தைத்துக் கொண்டுபோனேன். கட்டில் பலகையிலும் அதே அளவுக்கு ரம்பம் போட்டேன். மருந்தக்கா தலையைத் தொங்கப் போட்டபடி சுவரைப் பிடித்து வந்து படுத்து, முகத்தை ஓட்டைக்குள் பொருத்தினாள்.

“எப்படி இருக்கு தங்கச்சி?”

“கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி இருக்குண்ணே. தண்ணிதான் இல்ல.” குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

டிரைவர் என்னை வெளியே கூட்டிப்போனார். “இவளைக் கட்டிப் போட்டாலும் ஒரு மணி நேரம் படுக்க மாட்டாண்ணே. எனக்கு ரெண்டு நாள்தான் லீவு. படிக்கவும் கூடாதுன்னுட்டாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து படிக்காம இவளை நான் பாத்ததில்ல.”

அதுதான் உண்மையான சிக்கல். மருந்தக்கா ஒன்பது வருஷமாக ஒரு வலைப்பதிவு எழுதுகிறாள். ஒவ்வொரு வியாழக்கிழமை காலையும், கடைக்குப் போகும் முன், ஒரு புத்தகத்தைப் பற்றி. பெரிய ஆட்கள் எழுதியது, பெயர் தெரியாதவர் எழுதியது என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒருநாள் நான் கேட்டேன்: “இதுல உனக்கு என்னம்மா கிடைக்குது?” “புத்தகம் கிடைக்குதுண்ணே” என்றாள். “அதைத் திருப்பி விப்பியா?” என்றேன். அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கு மருந்து கொடுக்கும்போது முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள், டிரைவர் வேலைக்குக் கிளம்பிய காலையில், அவர்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பெயிண்டர். வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர், நாவலும் எழுதுபவர். அவருடைய முதல் புத்தகம் அச்சாகி, கட்டுப் பிரிக்காமல் அவர் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததாம். சிமெண்ட் பை வைக்க இடமில்லை என்று அவர் மனைவி தினமும் சண்டை. அதில் ஒரு பிரதி எப்படியோ மருந்தக்கா கைக்கு வந்திருக்கிறது. அவள் எழுதிய ஒரு மாதத்தில் கட்டில் அடி காலியாகிவிட்டது. அன்றிலிருந்து எதை எழுதினாலும் முதலில் அவளுக்குத்தான். அவளுக்கு ஒரு வாக்கியம் பிடிக்கவில்லை என்றால் சாரத்தில் நின்றுகொண்டே போனில் வாக்குவாதம் பண்ணுவார். கீழே வீட்டுக்காரர்கள் தங்களைத் திட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

“வேலைக்குப் போகலையா?” என்றேன். வெயில் காய்கிற மாதம். மழை வருவதற்குள் அடித்து முடிக்க வேண்டிய சுவர்கள் ஊரெல்லாம் காத்திருந்தன.

“சுவரு எங்கயும் போகாதுண்ணே. அக்காவுக்குப் புத்தகம் படிச்சுக் காட்டணும்” என்று உள்ளே போனார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்தார். அவரும் எழுதுகிறவர், ஏழெட்டுப் புத்தகம் போட்டவர். ஒருமுறை மருந்தக்கா அவருடைய நாவலைப் பற்றி, ‘பாதிக்கு மேல் கதாபாத்திரங்கள் தேர்வு எழுதுவதுபோல் பேசுகிறார்கள்’ என்று எழுதிவிட, இரண்டு வருஷம் பேச்சு இல்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்திலும் புதுப் புத்தகம் வந்தால் முதல் பிரதி மருந்துக் கடைக்கு வந்துவிடும், உள்ளே ஒரு வார்த்தை எழுதாமல். காய்ச்சல் மாத்திரை வாங்க மட்டும் அடுத்த தெருக் கடைக்குப் போவார். இப்போது கையில் ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு நின்றார்.

“நான் சாயங்காலம் படிக்கறேன். அவன் காலையில படிக்கட்டும்” என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. “ரெண்டு பேரும் வாங்க. ஆனா ஒண்ணு. யாரும் தன் புத்தகத்தைத் தான் படிக்கக் கூடாது.”

பெயிண்டரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மேடையில் டீச்சர், பெயிண்டர் எழுத்தைப் பற்றி, ‘நல்லாத்தான் இருக்கு, இன்னொரு கோட்டு பெயிண்ட் அடிச்சிருக்கலாம்’ என்று சொன்னவர். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

“அப்ப நான் டீச்சர் புத்தகத்தைப் படிக்கணுமா?” என்றார் பெயிண்டர்.

“படி. உனக்கு நல்லது” என்றார் டீச்சர்.

அப்படித்தான் ஆரம்பித்தது. என் கடைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உறை மாற்ற, வியர்வையில் நனைந்த விளிம்பைத் தைக்க என்று ஏதாவது சாக்கில் போய்விடுவேன். அந்த வீட்டில் நான் கண்டதை வேறெங்கும் கண்டதில்லை. விடியும் முன் டிரைவர், பஸ்சுக்கு அடியில் படுக்கிற மாதிரி, கட்டிலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, மேலே தெரிகிற மனைவி முகத்துக்கு உறிஞ்சு குழாய் வைத்துக் கஞ்சி கொடுப்பார். “எஞ்சின்ல ஏதாச்சும் சத்தம் வருதா?” என்பார். “ஆயில் மாத்தணும்” என்பாள். அவர் கிளம்பியதும் அதே இடத்தில் பெயிண்டர். மேற்கூரைக்கு வண்ணம் அடித்துப் பழகிய கை. புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் படிப்பார். நகத்தில் பழைய நீலம் ஒட்டியிருக்கும். அறையெல்லாம் டர்பன்டைன் வாசனை. மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம், நடுவில் ஒரு புத்தகம். அவளுக்கு எழுத்து கண்ணில் தெரியாது. மங்கலாக ஒரு வெள்ளை அசைவதுதான் தெரியும். ஆனாலும் அவள் உதடு சில வரிகளுக்குத் தானாக அசையும்.

நான் கடையை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது வாடிக்கையாளர் வந்து கூப்பிடும்போதுதான் நினைவுக்கு வரும். நாலாம் நாளிலேயே அந்தக் கதையில் வரும் பையனுக்கு வேலை கிடைக்குமா என்று எனக்குக் கவலையாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை. அனல் காற்று. நான் புது உறையோடு கட்டில் தலைமாட்டில் நின்றிருந்தேன். பெயிண்டர் டீச்சரின் நாவலில் மகன் வீட்டை விட்டுப் போகிற இடத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நிதானமான குரல். “...அவன் செருப்புச் சத்தம் தெரு முனையில் நின்றது. அவள் அழவில்லை. பானையைக் கவிழ்த்து வைத்தாள்...”

“நிறுத்து.”

அடுத்த கணம் மருந்தக்கா இரண்டு முழங்கையையும் ஊன்றி எழுந்துவிட்டாள். தலை நேராக நிமிர்ந்துவிட்டது. வீங்கிச் சிவந்திருந்த அந்தக் கண்ணை அன்றுதான் நான் நேருக்கு நேர் பார்த்தேன்.

“இது டீச்சர் எழுதினது இல்ல. நீ எழுதினது.”

“அக்கா, தலை!” என்று பெயிண்டர் அலறினார். நான் அவள் தலையைப் பிடித்து மெத்தைக்குள் அமுக்கினேன். பெரிய கடைத்தெருவில் திருடனைக்கூட நான் அப்படி அமுக்கியதில்லை. எல்லாம் நாலைந்து நொடி. அந்த நொடிகளுக்குள் எவ்வளவு தூரம் ஒரு குமிழி போகும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

பிறகு ஓட்டைக்குள்ளிருந்து குரல். “சொல்லு. மாத்தினியா இல்லையா?”

“மாத்தினேன்க்கா.”

“எத்தனை நாளா?”

“மொத நாளே ஒண்ணு ரெண்டு. அப்புறம் கை நிக்கல. சுவர்ல ஒரு பள்ளம் தெரிஞ்சா அதுல பட்டி வச்சுத் தேய்க்காம என்னால மேல போக முடியாதுக்கா. வேணும்னு பண்ணல. நல்லாத்தான் ஆக்கினேன், கெடுக்கல.”

“கெடுத்திருந்தா பரவால்ல, பொறாமைன்னு விட்டிருப்பேன்.” “டீச்சர் பானையைக் கவுக்க மாட்டாங்கடா. அந்த இடத்துல அவங்க ஒரு கடலைக் கொண்டு வருவாங்க. எனக்குத் தெரியாதா?”

நான் துணியைத் தடவிப் பார்த்தே எந்த ஆலை என்று சொல்லும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்காமல், தொடாமல், காதில் விழுந்த ஒற்றை வரியில் இது யார் நெய்தது என்று சொன்னவளை அன்றுதான் பார்த்தேன். அதற்காகக் கண்ணையே பணயம் வைத்து எழுந்தாளே, அதை நினைத்தால் இப்போதும் ரோமம் சிலிர்க்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். குமிழி சின்னதாகும் வரை நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது, அசையாமல் படுக்க வையுங்கள் என்றார்கள்.

டிரைவர் வந்ததும் பெயிண்டரே முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னார். டிரைவர் சட்டைப் பித்தான் ஒன்றைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

“வளைவுல யாராச்சும் ஸ்டியரிங்க விடுவாங்களாய்யா?” என்றார் கடைசியில். அதோடு மனைவியைப் பார்க்க உள்ளே போனார். பெயிண்டர் என் கடைக்கு வந்து நுரைத் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

“இனிமே எழுத மாட்டேண்ணே.”

“எழுதாம இரு. நாளைக்குப் படிக்க யாரு வருவா?”

“எந்த முகத்த வச்சுக்கிட்டு வர்றது?”

“மல்லாக்கப் படுக்கற ஆளுக்கு முகம் எதுக்குய்யா? குரல் இருந்தாப் போதும். வா.”

வந்தார். மறுநாள் வியாழக்கிழமை.

போன வாரத்துப் பதிவை அவள் கண் கெடும் முன்பே எழுதி வைத்திருந்தாள். இந்த வாரத்துக்கு ஒன்றும் இல்லை. “ஒன்பது வருஷத்துல ஒரு வியாழனும் விட்டதில்ல. டைப் பண்ணு, நான் சொல்றேன்” என்றாள்.

“எந்தப் புத்தகம்க்கா?”

“உன்னோட புதுசு.”

பெயிண்டர் அவளுடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கொய்யாப்பழத்தைப் பார்த்தேன்.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எப்போதும் பேச்சுத் தமிழில் பேசுகிறவள், பதிவென்றால் அச்சுத் தமிழுக்கு மாறிவிடுவாள்: “இந்த நாவலின் நடுப்பகுதியில் ஆசிரியர் ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை. எல்லா இடத்திலும் பட்டி வைத்துத் தேய்த்திருக்கிறார். சுவர் கண்ணாடிபோல் இருக்கிறது. ஒரு ஆணி அடிக்க இடமில்லை. இதில் குடியிருக்கும் மனிதர்கள் தங்கள் சட்டையை எங்கே மாட்டுவார்கள்?”

அவருடைய கட்டைவிரல் நின்றது.

“போட்டியா?”

“போடறேன்க்கா. ‘எங்கே மாட்டுவார்கள்’. கேள்விக்குறி உண்டா?”

“உண்டு.”

இப்படியே அரை மணி நேரம். மூன்று குறை, ஒன்றைவிட ஒன்று கூர்மை. பிறகு குரல் இறங்கியது. “ஆனால் கடைசி முப்பது பக்கங்களில் கூலிக்குக் காத்திருக்கும் மனிதர்களின் மௌனத்தை இவர் எழுதியிருப்பதைப் போல் நான் படித்ததில்லை. அந்தப் பக்கங்களை முடித்துவிட்டு நான் கடைக்குப் போனேன். மருந்து வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவரின் கையையும் பார்த்தேன்.”

பெயிண்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முழுவதையும் திரும்பப் படித்துக் காட்டினார். “போட்டுரு” என்றாள்.

அந்த விரல் போனின் மேல் நின்ற நேரத்தில் நான் மூச்சு விடவில்லை. அவளுக்குக் கண் தெரியாது. ‘மூன்று குறை’யை ஒன்றாக்கலாம். ‘கண்ணாடிபோல்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், பாராட்டாகவே ஆகிவிடும். நானாக இருந்தால் கண்டிப்பாக அதைத்தான் செய்திருப்பேன், அதற்கு வெட்கப்பட்டிருக்கவும் மாட்டேன். கடைக்கு ஓடி வந்து என் போனில் திறந்து பார்த்தேன். ஒரு எழுத்து மாறவில்லை. கேள்விக்குறிகூட அதன் இடத்தில் இருந்தது. தன் கடை வாசலில், தன் கையாலேயே, தன் சரக்கின் குறையை எழுதி மாட்டிய வியாபாரி எங்கள் வம்சத்தில் ஒருவன்கூட இல்லை. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மெத்தை அடுக்கில் சாய்ந்து நின்றேன்.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தலை நிமிரலாம், மல்லாக்கப் படுக்கக் கூடாது. டாக்டர் விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தாராம். ‘ஒட்டிக்கிட்டிருக்கு’ என்றாராம். டிரைவர் இதைச் சொல்லும்போது அந்தச் சொல்லை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

ஆனாலும் அவள் கண்ணில் குமிழி இன்னும் இருந்தது. டம்ளர் தண்ணீர் போல ஒரு கோடு ஆடுகிறதாம்; கோட்டுக்குக் கீழே கலங்கல், மேலே தெளிவு. நாளாக நாளாகக் கோடு கீழே இறங்கும். இருபதாம் நாள் சாயங்காலம், முதல் மழைக்கு வானம் கறுத்திருந்தபோது, எல்லோரையும் வரச் சொன்னாள். கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். மெத்தையின் ஓட்டையில் ஒரு தண்ணீர்ச் செம்பைப் பொருத்தி வைத்திருந்தார் டிரைவர்.

“டீச்சர், உங்க புத்தகத்தைக் கொடுங்க. மகன் போற பக்கம்.”

டீச்சர் எடுத்துக் கொடுத்தார். பெயிண்டர் கதவோரம் நகர்ந்தார். மருந்தக்கா புத்தகத்தைக் கோட்டுக்கு மேலே வரும்படி உயர்த்திப் பிடித்தாள். கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் படிக்கிறவள், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

“அவள்... அழவில்லை. ஆனால்... துயரம் அவள் நெஞ்சில்... கடலெனப் பொங்கியது.”

புத்தகத்தை மடியில் இறக்கினாள். “கடல்” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கூடாது என்று டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதுல என்ன?” என்றார் டீச்சர். அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. இப்போது பெயிண்டர் சொன்னார், தரையைப் பார்த்தபடி. டீச்சரின் முகம் சிவந்தது.

“என் புத்தகத்துல நீ எழுதினியா? என்னன்னு?”

“அவள் அழவில்லை. பானையைக் கவிழ்த்து வைத்தாள்.”

டீச்சர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “எந்தப் பானை? அங்க ஏது பானை?”

“சோத்துப் பானைதான் டீச்சர். முந்தின பக்கத்துல நீங்களே கழுவி வச்சிருக்கீங்க. மகனுக்குக் கடைசிச் சோறு போட்டுட்டு. அப்புறம் அதை மறந்துட்டீங்க.”

டீச்சர் மருந்தக்காவின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். முந்தின பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஆமா” என்றார் மெதுவாக. “கழுவி வச்சிருக்கேன்.”

இருந்த இடத்திலேயே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கூரையில் மழையின் முதல் சொட்டுகள் விழுந்தன. சுவருக்கு வெள்ளையடிக்கும் மாதம் முடிந்தது. பெயிண்டர் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

டீச்சர் தன் பக்கத்துக் காலி இடத்தைக் கையால் தட்டினார். “இங்க வா. வேற என்னெல்லாம் மறந்திருக்கேன், சொல்லு.”

மருந்தக்கா புத்தகத்தைத் திரும்ப வாங்கி, உயரத் தூக்கி, அடுத்த வரியைக் கூட்ட ஆரம்பித்தாள்.